புயலுக்கு பில் போட்ட கதை

எழுதணும் எழுதணும்னு நினைத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த சங்கதி இது. இந்த வாரம் ஆபீஸில் ஆணி கொஞ்சம் குறைவு. அதனால் மாட்டிக்கொண்டீர்கள். கொஞ்சம் நீளமாகப் போகும். காபியோ டீயோ எடுத்துக்கொண்டு உட்காருங்க மக்கா.

நடந்தது 2025 ஜனவரியில். அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலியிலிருந்து லண்டன் வந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. அப்பாவைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மீதிக் கதை புரியாது. பொதுப்பணித்துறையில் கணக்குப் பிரிவில் முப்பத்து நாலு வருஷம் குப்பை கொட்டி, சூப்பரின்டென்டென்டாக ரிட்டையர் ஆனவர். எஞ்சினியர்கள் கேம்ப் போய்வந்து போடும் பயணப்படி பில்களைச் சரிபார்ப்பதுதான் பாதி சர்வீஸில் அவர் வேலை. "உங்கப்பா சிவப்புப் பேனாவ எடுத்தா பஸ் டிக்கெட்டுக்கே வேர்த்துரும்" என்று அவருடைய பழைய ஆபீஸ் நண்பர் ஒருத்தர் சொல்வார்.

லண்டனில் அரண்மனை, ராட்டினம், மெழுகு பொம்மை எல்லாவற்றையும் அம்மா ரசித்துப் பார்த்தாள். அப்பா டிக்கெட் விலையைப் பார்த்தார். அவராக வாய் திறந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஸ்காட்லாந்தில் எடின்பரோ பக்கத்தில் இருக்கும் ஃபோர்த் ரயில் பாலம். 1890ல் திறந்தது. இரண்டரை கிலோமீட்டர் நீளம். இன்றைக்கும் அதன்மேல் ரயில் ஓடுகிறது. சர்வீஸில் இருந்தபோது ஒரு எஞ்சினியர் ரூமில் அந்தப் பாலத்தின் படம் மாட்டியிருந்ததாம். ஃபைல் கொண்டுபோய் நிற்கும் போதெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டே நிற்பாராம்.

ஜனவரியில் எவனாவது ஸ்காட்லாந்து போவானா என்று கேட்காதீர்கள். டிக்கெட் மலிவு. 29ஆம் தேதி அவர்களுக்கு ஊருக்கு பிளைட். 22 புதன்கிழமை போய், 24 வெள்ளிக்கிழமை மத்தியானம் திரும்புவதாகத் திட்டம்.

வியாழக்கிழமை பாலத்தைப் பார்த்தோம். குளிரில் முக்கால் மணி நேரம் அசையாமல் நின்றார் மனுஷன். கடைசியில் சொன்னது: "இதுக்கு பெயிண்ட் அடிக்க மட்டும் வருஷத்துக்கு எத்தன வவுச்சர் வரும்!"

அன்று சாயங்காலம் ஹோட்டல் ரூமில் உட்கார்ந்திருக்கிறோம். திடீரென்று என் போன் இதுவரை கேட்டிராத ஒரு சத்தத்தில் அலறியது. பக்கத்து ரூம் போனும் அலறுவது சுவரைத் தாண்டிக் கேட்டது.

"ஏல, என்னல இது? சண்டை கிண்டை வந்துட்டா?" என்று அப்பா எழுந்து நின்றுவிட்டார்.

சண்டை இல்லை, புயல். பேர் 'எயோவின்'. (லார்ட் ஆஃப் தி ரிங்ஸில் வரும் பெண்ணின் பேர். இங்கே புயலுக்கெல்லாம் இப்படித்தான் அழகழகாகப் பேர் வைக்கிறார்கள்.) மறுநாள் காலை பத்து மணி முதல் மாலை ஐந்து வரை அந்தப் பகுதிக்குச் சிவப்பு எச்சரிக்கை, வெளியே வராதீர்கள் என்று அரசாங்கமே போனில் அனுப்பிய அபாய அறிவிப்பு அது. வட அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் சுமார் 45 லட்சம் பேருக்கு அது போனதாகப் பிறகு படித்தேன். அயர்லாந்தில் அந்தப் புயல் மணிக்கு 183 கிலோமீட்டர் வேகத்தில் வீசி 1945லிருந்து இருந்த சாதனையை உடைத்தது. ஸ்காட்ரெயில் மறுநாள் முழுக்க ஒரு ரயிலும் ஓட்டவில்லை.

ராத்திரி எட்டரைக்கு விமானக் கம்பெனியிடமிருந்து மெசேஜ். உங்கள் விமானம் ரத்து. கீழே இரண்டு பட்டன். 'பணத்தைத் திரும்பப் பெறு', 'வேறு விமானத்துக்கு மாற்று'. அதற்கும் கீழே சின்ன எழுத்தில் 'உங்கள் உரிமைகள்' என்று ஒரு லிங்க். அதை நான் திறக்கவில்லை. டெர்ம்ஸ் அண்ட் கண்டிஷன்ஸ் படிக்காமலே 'அக்ரீ' அமுக்கிப் பழகின கை.

பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு சனிக்கிழமை ரயிலில் போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். விரல் பட்டன் வரைக்கும் போய்விட்டது. சனிக்கிழமை ரயில் ஓடுமா என்று யாருக்கும் தெரியவில்லை, அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு. அதனால் 'மாற்று' அமுக்கினேன். சனிக்கிழமை எல்லாம் ஃபுல். ஞாயிற்றுக்கிழமை காலை கிடைத்தது. அந்த ஒரு அமுக்கில் எவ்வளவு இருக்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது. பின்னால் வருகிறேன்.

ஆக இன்னும் இரண்டு ராத்திரி. கம்பெனியின் ஆப்பில் 'ஹோட்டல் தேடு' என்று ஒரு இடம் இருந்தது. போனால் 'உங்கள் பகுதியில் இப்போது அறைகள் இல்லை' என்று வந்தது. நம் ஆட்களுக்கு எர்ரர் மெசேஜைப் பார்த்தால் கை தானாக ஸ்கிரீன்ஷாட் எடுக்குமே, எடுத்தேன். காலேஜ் வாட்ஸப் குரூப்பில் போட்டுப் புலம்புவதற்காகத்தான் எடுத்தேன், வேறு ஒரு தொலைநோக்கும் இல்லை :-)

கீழே ரிசப்ஷனில் போய்க் கேட்டதில் அதே ரூமையே நீட்டித்துக் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமைக்கு 96 பவுண்ட், சனிக்கிழமைக்கு 128 பவுண்ட். மூன்று கட்டில் போட்ட ஒரே ரூம்.

அப்பா மனக்கணக்கில் புலி. அப்போது ஒரு பவுண்ட் நூற்றியேழு ரூபாய் சொச்சம். "சனிக்கிழமைக்கு மட்டும் பதிமூவாயிரத்து எழுநூறா?" என்றார். அதற்கப்புறம் ஒன்றும் பேசவில்லை. பர்ஸிலிருந்து தன்னிடமிருந்த இரண்டு இருபது பவுண்ட் நோட்டை எடுத்து மேஜையில் வைத்தார். சித்தப்பா ஊரில் கொடுத்து அனுப்பியது. "வச்சுக்கோங்கப்பா" என்றேன். நோட்டு ராத்திரி முழுக்க அங்கேயே கிடந்தது.

வெள்ளிக்கிழமை. காற்று என்றால் நம்மூர் ஆடிக்காற்று மாதிரி நினைத்துக்கொள்ளாதீர்கள். ஜன்னல் கண்ணாடி மூச்சு விடுகிற மாதிரி உள்ளே வெளியே போய்வந்தது. எதிர்வீட்டுக் குப்பைத்தொட்டி ஒன்று ரோட்டில் தானாக நடந்து போனது. தை வெள்ளி என்பதால் அம்மா காலையிலேயே குளித்துவிட்டு, விளக்கில்லாமல் போனில் ஒரு விளக்குப் படத்தை வைத்து கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ஹோட்டலில் சமையல் ஆட்கள் பாதிப்பேர் வரவில்லை. மத்தியானம் சூப், ரொட்டி, உருளைக்கிழங்கு வறுவல். மூன்று பேருக்கு 27.50. பில்லை வாங்கி அப்பா பார்த்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ராத்திரி சாப்பிடக் கூப்பிட்டால், "எனக்கு வேண்டாம். தை வெள்ளில்லா. விரதம்" என்றார்.

அம்மா அவரைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். எனக்கு விவரம் தெரிந்து அப்பா விரதம் இருந்ததில்லை. ஆடி வெள்ளி, தை வெள்ளி எதுவானாலும் காலை எட்டு மணிக்கு இட்லி தட்டில் இருக்க வேண்டும். மத்தியானம் சூப் குடித்தவர் ராத்திரி மட்டும் விரதம் என்றால் அது என்ன விரதம்? ஆனால் நான் ஒன்றும் கேட்கவில்லை. பகல் முழுக்க ஆபீஸ் வேலையை லேப்டாப்பில் பார்த்து எனக்கு மண்டை காய்ந்திருந்தது. சரி என்று அம்மாவும் நானும் இறங்கிப்போய்ச் சாப்பிட்டோம். 19.80 பில். திரும்பி வந்தபோது அப்பா படுத்திருந்தார். நடுராத்திரி, ரூமில் டீத்தட்டில் ஓசியாக வைத்திருக்கும் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை வெயிலே அடித்தது. அம்மாவுடைய பிரஷர் மாத்திரை வெள்ளியோடு தீர்ந்துவிட்டதால் மருந்துக்கடைக்குப் போனோம். காலி அட்டையைப் பார்த்து, நாலு கேள்வி கேட்டு, அவசரத்துக்கென்று சில மாத்திரை கொடுத்தார் அந்தப் பெண். 12 பவுண்ட். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன் டாக்சி பிடித்து ஏர்போர்ட் போய், ஒருவழியாக லண்டன் வந்து சேர்ந்தோம்.

இனிமேல்தான் கதையே.

குரூப்பில் ஒரு நண்பன், "மச்சி, பிளைட் கேன்சல்னா ஆளுக்கு 220 பவுண்ட் தரணும். மூணு பேர், 660. விடாதே" என்றான். நாக்கில் எச்சில் ஊறியது. கம்பெனி தளத்தில் நஷ்டஈடு ஃபாரம் இருந்தது. ஞாயிறு ராத்திரியே நிரப்பி அனுப்பினேன். செவ்வாய்க்கிழமை பதில் வந்துவிட்டது. 'மோசமான வானிலை என்பது அசாதாரணச் சூழ்நிலை. எனவே நஷ்டஈடு பெற உங்களுக்குத் தகுதியில்லை. புரிதலுக்கு நன்றி.'

போனால் போகிறது என்று மூடி வைத்துவிட்டேன். புயலுக்கு யாரைத் திட்டுவது?

அன்று ராத்திரி அப்பா பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் பிளைட். "அந்த பிளைட்காரன் என்ன சொன்னான்?" என்றார். வாசித்துத் தமிழில் சொன்னேன்.

"நீ என்னன்னு கேட்ட?"

"நஷ்டஈடு."

"அத ஏன் கேட்ட? புயலுக்கு அவன் என்ன செய்வான்? அவன் எழுதுனது சரிதான்." துண்டை மடித்து வைத்துவிட்டு, "சரி, செலவக் கேட்டியா?" என்றார்.

"ரெண்டும் ஒண்ணுதானப்பா. முடியாதுன்னுட்டான்."

அப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! எஞ்சினியரிங் நாலு வருஷத்தில் எந்த வைவாவிலும் எந்த எக்ஸ்டர்னலும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"ரெண்டும் ஒண்ணா? ஏல, ஒரு ஜே.ஈ. அம்பாசமுத்திரம் கேம்ப் போறாருன்னு வையி. வெள்ளம் வந்துட்டு, பஸ் ஓடல. ரெண்டு நாள் அங்கயே கிடக்காரு. வெள்ளத்த கவர்மென்டா கொண்டு வந்துச்சு? இல்லல்லா. அதுக்காக அந்த ரெண்டு நாளைக்குப் படி கிடையாதுன்னு நான் எழுத முடியுமா? படி குடுக்கது தப்புப் பண்ணுனதுக்கு இல்லல. ஆளு வெளியூர்ல கிடக்காருல்லா, அதுக்கு."

சொல்லிவிட்டு சூட்கேஸின் மேல்பையிலிருந்து ஒரு பழுப்பு கவரை எடுத்துக் கொடுத்தார். உள்ளே ஹோட்டல் பில்லிலிருந்து ஏர்போர்ட் காபி பில் வரைக்கும் எல்லாம் இருந்தது. ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலால் ஒரு எண், தேதி, என்ன செலவு என்று ஒரு வரி. நான் குப்பையில் போட்ட பில்லைக்கூட எடுத்துச் சுருக்கம் நீவி வைத்திருந்தார்.

"இங்க ரூல் என்ன சொல்லுதுன்னு எனக்குத் தெரியாது. நீ படிச்சுப் பாரு" என்றார்.

படித்தேன். அவர்கள் ஊருக்குப் போன பிறகு அந்த வார இறுதி முழுக்க. ஐரோப்பாவில் 2004ஆம் வருஷத்து 261ஆம் எண் விதி என்று ஒன்று. பிரெக்ஸிட்டுக்குப் பிறகும் இங்கிலாந்து அதைத் தன் சட்டமாகவே வைத்துக்கொண்டிருக்கிறது. அதில் விமானம் ரத்தானால் பயணிக்கு மூன்று தனித்தனி விஷயங்கள் உண்டு. ஒன்று, டிக்கெட் பணம் திரும்ப அல்லது வேறு வழியில் ஊர் சேர்ப்பது. இரண்டு, நஷ்டஈடு. 1,500 கிலோமீட்டருக்குள் என்றால் நண்பன் சொன்ன அந்த 220. மூன்றாவதுதான் நான் கேள்விப்பட்டே இராதது: பராமரிப்பு. காத்திருக்கும் நேரத்துக்கு ஏற்றபடி சாப்பாடு, ராத்திரி தங்க வேண்டி வந்தால் ஹோட்டல், ஹோட்டலுக்கும் ஏர்போர்ட்டுக்கும் வண்டி, இரண்டு போன் கால். போன் வேண்டாமென்றால் டெலக்ஸ் அல்லது ஃபேக்ஸ் அனுப்பிக்கொள்ளலாமாம். சத்தியமாக அப்படித்தான் எழுதியிருக்கிறது. டெலக்ஸ் மெஷினை அப்பாவே பார்த்திருப்பாரா தெரியவில்லை.

நம்மவர்களுக்குப் புரிகிற பாஷையில் சொன்னால், 'அசாதாரணச் சூழ்நிலை' என்ற எக்ஸப்ஷனின் ஸ்கோப் அந்த இரண்டாவது ஃபங்ஷனுக்கு மட்டும்தான். ஐந்தாவது ஷரத்தில் மூன்றாவது உட்பிரிவு, நஷ்டஈட்டிலிருந்து மட்டும் கம்பெனிக்கு விலக்குக் கொடுக்கிறது. பராமரிப்புப் பக்கம் அது எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அப்பா அம்பாசமுத்திரத்து வெள்ளத்தை வைத்துச் சொன்னதை பிரஸ்ஸல்ஸில் உட்கார்ந்து எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்த 'பணத்தைத் திரும்பப் பெறு' பட்டனுக்கு வருகிறேன். அதை அமுக்கியிருந்தால் கம்பெனிக்கும் நமக்கும் கணக்கு அங்கேயே முடிந்தது. டிக்கெட் காசு வரும், அதற்குப் பிறகு ஹோட்டலும் சாப்பாடும் நம் பாடு. மாற்று விமானத்துக்காகக் காத்திருக்கிற வரைக்கும்தான் அவர்களுடைய பொறுப்பு. ராத்திரி எட்டரை மணிக்குப் பதற்றத்தில் இருக்கிற ஆளிடம் இரண்டு பட்டனையும் ஒரே சைஸில் காட்டினால் பாதிப்பேர் முதல் பட்டனைத்தான் அமுக்குவார்கள். நானும் அமுக்கியிருப்பேன். அம்மாவின் முழங்கால் காப்பாற்றியது. சனிக்கிழமை வேறு கம்பெனி விமானத்தில் இடமிருந்தால் அதில் ஏற்றி அனுப்புங்கள் என்றும் நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தெரியாது.

கம்பெனியே ஹோட்டல் ஏற்பாடு செய்யாவிட்டால் நாமே போட்டுக்கொண்டு, ரசீது வைத்து, நியாயமான அளவில் திரும்பக் கேட்கலாம் என்று இங்குள்ள விமானப் போக்குவரத்து ஆணையமும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 'நியாயமான' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஐந்து நட்சத்திர ஹோட்டல், சரக்கு எல்லாம் வராது. (நம் இந்தியாவிலும் டிஜிசிஏ விதியில் ரத்தான விமானத்துக்கு 5,000 முதல் 10,000 ரூபாய் வரை நஷ்டஈடு உண்டு, வானிலையால் ரத்து என்றால் அங்கேயும் அது கிடையாது. இந்த விஷயத்தில் உலகம் பூரா ஒரே பாட்டுதான்.)

பிப்ரவரி 2 ஞாயிற்றுக்கிழமை. செலவு ஃபாரத்தைத் திறந்து வைத்து, வாட்ஸப் வீடியோவில் அப்பாவைக் கூப்பிட்டேன். நஷ்டஈடு ஃபாரம் வேறு, செலவு ஃபாரம் வேறு. தளத்தில் இரண்டும் இரண்டு மூலையில் இருக்கின்றன.

"டாக்சி 31 பவுண்ட், போட்டாச்சு" என்றேன்.

"அது எதுக்கு? எடு."

"ஹோட்டல்ல இருந்து ஏர்போர்ட்டுக்கு வண்டி உண்டுப்பா, ரூல்லயே இருக்கு."

"வெள்ளிக்கிழம புயல் வராம இருந்தா ஏர்போர்ட்டுக்கு நடந்தா போயிருப்போம்? அப்பவும் வண்டிக்குக் குடுத்திருப்போம்லா. அந்த டாக்சிக்காசு நமக்கு வெள்ளிக்கிழம மிச்சம். அத ஞாயித்துக்கிழம குடுத்தோம். இதுல அதிகச் செலவு எங்க வந்துச்சு?"

எடுத்துவிட்டேன். உட்கார்ந்து வாதாடியிருந்தால் கிடைத்திருக்கலாம். சிவப்புப் பேனாவோடு யார் வாதாடுவது?

அவர் போனை வைத்த பிறகு ஒவ்வொரு பில்லாகப் படம் பிடித்து ஏற்ற ஆரம்பித்தேன். ஒவ்வொரு சாப்பாட்டு பில்லுக்கும் 'எத்தனை பயணிகள்' என்று ஃபாரம் கேட்டது. மத்தியானம் மூன்று. அடுத்தது 19.80. பில்லைத் திருப்பினால் அப்பாவின் பென்சில் எழுத்து: '24.1.25, இரவு உணவு, 2 நபர்.'

கொஞ்ச நேரம் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் உட்கார்ந்திருந்தேன். சட்டப்படி அன்று ராத்திரி அவருக்கும் சேர்த்து அந்தக் கம்பெனி சோறு போட்டிருக்க வேண்டும். என் காசு போகிறதே என்று பிஸ்கட் தின்றுவிட்டுப் படுத்திருக்கிறார். காசு என்னுடையது கூட இல்லை. அது எங்கள் இருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். லிங்க் என் போனில்தான் இருந்தது.

2 என்று போட்டேன். சாப்பிடாத சாப்பாட்டுக்கு பில் கிடையாது.

மொத்தக் கணக்கு இது. ஹோட்டல் 224. வெள்ளி மத்தியானம் முதல் ஞாயிறு காலை காபி வரை சாப்பாடு 123.55. மாத்திரை 12. ஆக 359.55 பவுண்ட். ஒரு எச்சரிக்கை: கார்டு தேய்த்ததும் வருகிற சின்னச் சீட்டை மட்டும் வைத்துக்கொண்டு அனுப்பாதீர்கள். என்ன சாப்பிட்டோம் என்று ஐட்டம் ஐட்டமாகப் போட்ட பில்தான் கேட்கிறார்கள். நானாக இருந்தால் அந்தச் சீட்டுகள்கூட இருந்திருக்காது.

பிப்ரவரி கடைசியில் பதில் வந்தது. சாப்பாடு முழுக்க ஏற்றுக்கொண்டார்கள். மாத்திரை பராமரிப்பில் வராது என்று நிராகரித்தார்கள். ஹோட்டலுக்கு, 'எங்கள் உள்வரம்புப்படி ஒரு இரவுக்கு 75 பவுண்ட்' என்று 150 மட்டும். மேலும், எங்கள் ஆப் வழியாகவே ஹோட்டல் எடுத்திருக்க வேண்டும் என்று ஒரு குத்தல்.

273.55 வருகிறதே, போதும் என்று தோன்றியது. அப்பாவிடம் சொன்னேன். "உள்வரம்புன்னா அவன் ஆபீஸ் ஆர்டரா, சட்டமா?" என்று ஒரே கேள்வி.

தேடினேன். கிடைத்தது மெக்டோனா வழக்கு. 2010ல் ஐஸ்லாந்து எரிமலை வெடித்து ஐரோப்பா முழுக்க விமானம் நின்றதே, அப்போது டெனிஸ் மெக்டோனா என்ற அயர்லாந்துப் பெண்மணி போர்ச்சுகலில் ஃபாரோ என்ற ஊரில் மாட்டிக்கொண்டார். ஏப்ரல் 17ஆம் தேதி கிளம்ப வேண்டியவர் 24ஆம் தேதிதான் ஊர் திரும்ப முடிந்தது. தங்கியது, சாப்பிட்டது எல்லாம் சேர்த்து 1,129 யூரோ சொச்சம் கேட்டு வழக்குப் போட்டார். எரிமலை என்பது அசாதாரணத்துக்கும் மேலே, இதற்கெல்லாம் நாங்கள் பொறுப்பில்லை என்பது எதிர்வாதம். ஐரோப்பிய நீதிமன்றம் 2013 ஜனவரி 31 அன்று தீர்ப்புச் சொன்னது. அசாதாரணத்துக்கு மேலே 'அதி அசாதாரணம்' என்று ஒரு வகை விதியில் கிடையாது. பராமரிப்புக் கடமைக்கு நாள் வரம்பும் இல்லை, தொகை வரம்பும் இல்லை. அவசியமான, பொருத்தமான, நியாயமான செலவைக் கொடுத்தே ஆக வேண்டும். அதுவும் பயணி ஆபத்தில் நிற்கும்போதுதான் இந்த உதவி முக்கியம் என்றும் சொல்லியிருக்கிறது.

பதில் எழுதினேன். கோபமாக முதலில் ஒரு டிராஃப்ட். அதை அழித்துவிட்டு, அப்பா ஆபீஸ் கடிதம் எழுதும் பாணியில் இரண்டாவது டிராஃப்ட். பொருள், பார்வை, அதற்குக் கீழே நாலே வரி. மூன்று பேருக்கு ஒரே ரூம். அதுவும் ஏற்கெனவே தங்கியிருந்த ரூம். சிவப்பு எச்சரிக்கையில் வெளியே போய் மலிவாகத் தேட வழியில்லை. ஆப்பில் அறை இல்லை என்று வந்ததற்கு ஸ்கிரீன்ஷாட் இணைப்பு. தீர்ப்பின் பெயரும் தேதியும். எட்டு வாரத்துக்குள் தீராவிட்டால் வெளியிலிருக்கும் தீர்வு மன்றத்துக்குப் போவேன் என்று கடைசி வரி. புலம்புவதற்காக எடுத்த ஸ்கிரீன்ஷாட் கடைசியில் சாட்சியாக உட்கார்ந்துவிட்டது.

மார்ச் நடுவில் ஒரு நாள், விளக்கம் எதுவும் இல்லாமல் மீதி 74 பவுண்ட் கணக்கில் ஏறியிருந்தது. ஆக மொத்தம் 347.55.

அன்று சாயங்காலம் கூப்பிட்டுச் சொன்னேன்.

"மாத்திரைக் காசு?"

"அது வராதுன்னுட்டான்."

"அது சரிதான். பத்து மாத்திரை கூட எடுத்துட்டு வராதது நம்ம தப்பு. பில்லு எல்லாத்துலயும் 'பணம் பெறப்பட்டது'ன்னு எழுதி, தேதி போட்டு வையி. தெரியாம மறுபடி எங்கயாவது அனுப்பிரப்பிடாது."

"சரிப்பா." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னேன். "அப்பா, அன்னைக்கு ராத்திரி சாப்பாடும் அவன்தான் தரணும்னு ரூல்ல இருக்கு. நீங்க சாப்பிட்டிருக்கலாம்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பின்னாலிருந்து அம்மா குரல் மட்டும் கேட்டது. "யாரு, விரதக்காரரா? கேளுய்யா, நல்லாக் கேளு."

"சரி, வைக்கேன். நியூஸ் போட்டுட்டான்" என்று அப்பா கட் பண்ணிவிட்டார்.